புது உறுப்பினரை எப்படிப் பிடிக்கிறார்கள்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரும், ஊரில் உட்கார்ந்து யூடியூபில் ஆட்டத் துணுக்குகள் பார்க்கும் தம்பிமார்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே ஒரு முன்குறிப்பு: ஃபுட்பால் என்று இங்கே வருவதெல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்தான்.

கான்ஃபரன்ஸ் என்றால் மாநாடுதானே?

இந்த இடத்தில் இல்லை. தங்களுக்குள் தவறாமல் ஆடிக்கொள்வதற்காகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட கூட்டணிக்கு அந்தப் பெயர். சிகாகோவைச் சுற்றியிருந்த பல்கலைக்கழகங்கள் 1896-ல் தொடங்கியதுதான் இன்றைய பிக் டென். அட்டவணை போடுவது, நடுவர்களை அனுப்புவது, சாம்பியன்ஷிப் நடத்துவது எல்லாம் கூட்டணியின் வேலை. முக்கியமாக, டிவி ஒப்பந்தத்தைக் கூட்டாகப் பேசி முடித்து, வருகிற பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பெரிய கூட்டணிகள் இன்று நான்கு: பிக் டென்னில் 18 பேர், தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி.யில் 16, பிக் 12-ல் 16, அட்லாண்டிக் கரையின் ஏ.சி.சி.யில் ஃபுட்பாலுக்கு 17. இவற்றை நடத்துபவருக்கு கமிஷனர் என்று பெயர். போலீஸ் கமிஷனர் இல்லை. பெரும்பாலும் வக்கீலோ வியாபாரம் தெரிந்த ஆளோதான்.

ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ப்பது யார் முடிவு? என்.சி.ஏ.ஏ.வா?

கல்லூரி விளையாட்டுக்கே பெரியண்ணன் என்.சி.ஏ.ஏ. என்றாலும், இந்த விஷயத்தில் அதற்குப் பேச்சே கிடையாது. மேல்மட்ட ஃபுட்பால் கூட்டணி என்றால் குறைந்தது எட்டு உறுப்பினர் வேண்டும் என்பது போன்ற விதிகளைப் போடும், அவ்வளவுதான். யார் உள்ளே வரலாம் என்பதை ஏற்கெனவே உள்ளே இருக்கும் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறார்கள். தலைவர் என்பது நம் ஊர்த் துணைவேந்தர் போன்ற பதவி. எஸ்.இ.சி.யிலும் ஏ.சி.சி.யிலும் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும்.

பயிற்சியாளர்களைக் கேட்பார்களா என்றால், கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1989 டிசம்பரில் பென் ஸ்டேட்டை உள்ளே எடுப்பதாக பிக் டென் தலைவர்கள் அறிவித்தபோது, அவர்களுடைய சொந்த விளையாட்டு இயக்குநர்களுக்கே அது புதுச் செய்தி.

நன்றாக ஆடினால் மேலே போக முடியாதா?

முடியாது. இங்கிலாந்துக் கால்பந்து போல ஜெயித்தவர் மேலே, தோற்றவர் கீழே என்ற ஏற்பாடு இங்கே இல்லை. ஐடஹோவில் பாய்சி ஸ்டேட் என்று ஒரு பல்கலைக்கழகம். நீல நிறப் புல்தரையில் ஆடுவார்கள், படம் பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள். 2007 ஜனவரியில் ‘ஃபியஸ்டா பவுல்’ என்ற சீசன் இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமாவை 43-42 என்று சாய்த்தார்கள். அதற்கப்புறமும் ஆண்டுக்கணக்கில் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைய பெரிய நான்கு கூட்டணிகளில் ஒன்றும் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. ஊர் சின்னது, டிவி பார்க்கிற வீடுகள் குறைவு. அன்று தோற்ற ஓக்லஹோமாவை எஸ்.இ.சி. சிவப்புக் கம்பளம் விரித்துக் கூட்டிக்கொண்டு போனது.

அப்படியென்றால் எதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்?

பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் எதைப் பார்ப்பார்களோ அதை. இன்னொரு இலை போட்டால் என் இலையில் விழுவது குறையுமா, கூடுமா?

கணக்காகச் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, பத்துப் பேர் சேர்ந்து டிவியிடம் ஆண்டுக்கு 30 கோடி டாலர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 3 கோடி. பதினொன்றாவது ஆள் வந்தால், ஒப்பந்தம் 33 கோடியாக ஏற வேண்டும். அப்போதுதான் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த ஆள் 2 கோடிதான் கொண்டுவருகிறார் என்றால், பழைய பத்துப் பேரும் தங்கள் பங்கிலிருந்து கிள்ளிக் கொடுக்க வேண்டும். எவர் ஓட்டுப்போடுவார்? அதனால்தான் ‘நல்ல அணி’ என்பதும் ‘நல்ல உறுப்பினர்’ என்பதும் வேறு வேறு. கோப்பைகள் அலமாரியில் எத்தனை என்பதைவிட, சனிக்கிழமை சாயங்காலம் எத்தனை லட்சம் பேர் டிவியை அந்த அணிக்காகத் திருப்புகிறார்கள் என்பதுதான் விலை.

இந்தக் கணக்கில் டிவிக்காரர்கள் நேரடியாகவே கை வைப்பதும் உண்டு. புதிதாக வருபவருக்கும் முழுப் பங்கு தருகிறோம் என்று சில ஒப்பந்தங்களில் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் கூட்டணிக்குத் தைரியம் வரும். 2016-ல் பிக் 12 கூட்டணி ‘விரிவாக்கப் போகிறோம்’ என்று சொல்லி 11 பல்கலைக்கழகங்களை வரவழைத்து, நேர்முகத் தேர்வு மாதிரி உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. டிவி நிறுவனங்களுக்கு அந்தப் பட்டியலில் யாருக்கும் கூடுதல் பணம் கொடுக்க மனமில்லை. அக்டோபரில், யாரையும் எடுக்கப்போவதில்லை என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். பெண் பார்க்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுப் போன கதை. ஐந்து வருஷம் கழித்து டெக்ஸாஸும் ஓக்லஹோமாவும் கழன்றுகொள்கிறார்கள் என்று தெரிந்ததும், அதே பட்டியலில் இருந்த பி.ஒய்.யூ., சின்சினாட்டி, ஹூஸ்டன், மத்திய ஃப்ளோரிடா நான்கையும் அவர்களே கூப்பிட்டார்கள்.

டிவி இவ்வளவு ஆட்டிவைக்க ஆரம்பித்தது எப்போது?

1984-ல். அதுவரை எந்த ஆட்டம் டிவியில் வரும், யார் எத்தனை தடவை வரலாம் என்பதெல்லாம் என்.சி.ஏ.ஏ.வின் பிடியில் இருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியை 7-2 என்று உடைத்தது. அதன்பின் அவரவர் சந்தை அவரவருக்கு.

இரண்டாவது திருப்பம் ஒரு சின்ன விதி. கூட்டணியில் 12 பேர் இருந்தால், இரண்டு பிரிவாகப் பிரித்து, கடைசியில் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம் வைக்கலாம் என்று அப்போது இருந்தது. எஸ்.இ.சி. கமிஷனர் ராய் கிரேமர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆர்கன்ஸாவையும் தென் கரோலினாவையும் சேர்த்து 12 ஆக்கி, 1992-ல் பர்மிங்ஹாமில் முதல் ஆட்டத்தை நடத்தினார். அந்த ஓர் ஆட்டத்தின் டிக்கெட்டும் டிவியும் கொண்டுவந்த பணத்தைப் பார்த்து மற்றவர்களுக்கும் 12 என்ற எண் மேல் ஆசை வந்தது.

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தை ஏன் பிக் டென்னில் எடுத்தார்கள்? அவர்கள் ஜெயிப்பதே இல்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விடை மைதானத்தில் இல்லை, நியூ ஜெர்சி வீடுகளின் கேபிள் பில்லில் இருக்கிறது.

பிக் டென் 2007-ல் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கியது. கேபிள் நிறுவனம் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் இவ்வளவு என்று சேனலுக்குக் கட்ட வேண்டும். உறுப்பினர் இருக்கும் மாநிலம் என்றால் கட்டணம் அதிகம், இல்லாத மாநிலம் என்றால் சில்லறை. ரட்கர்ஸ் நியூயார்க்குக்குப் பக்கத்தில், மேரிலாண்டு வாஷிங்டனுக்குப் பக்கத்தில். 2014-ல் இருவரும் உள்ளே வந்ததும், ஃபுட்பால் என்றால் என்னவென்றே தெரியாத லட்சக்கணக்கான வீடுகள் பிக் டென்னுக்கு மொய் எழுத ஆரம்பித்தன. எடிசன், இஸலின் ஊர்களில் சன் டிவி பார்க்க கேபிள் போட்ட நம்மவர்களும் சேர்த்துத்தான்.

இப்போது கேபிளை எல்லோரும் துண்டித்துக்கொண்டிருப்பதால் இந்தக் கணக்கு பழசாகிவிட்டது. பக்கத்து வீட்டில் கேபிள் இருக்கிறதா என்பதைவிட, ஆட்டத்தைத் தேடிப்போய்ப் பார்க்கும் ரசிகர் எவ்வளவு என்பதே இன்றைய கேள்வி. இன்றைக்கு அதே மனு வந்தால் ரட்கர்ஸுக்குக் கதவு திறந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

படிப்பைக் கொஞ்சமாவது பார்ப்பார்களா?

பிக் டென் பார்க்கும், அல்லது பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளும். 1900-ல் தொடங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று உண்டு. ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர்களுக்கு மட்டுமே அதில் இடம். பிக் டென்னின் 18 பேரில் 17 பேர் அதில் உறுப்பினர். விதிவிலக்கு நெப்ராஸ்கா. அழைப்பு வந்தபோது அவர்களும் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள். 2011 ஏப்ரலில் சங்கம் அவர்களை ஓட்டெடுத்து வெளியேற்றியது, ஜூலையில் பிக் டென்னில் காலடி வைத்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளைக்கு வேலை போன மாதிரி.

எஸ்.இ.சி., பிக் 12 போன்றவற்றில் படிப்பு பேச்சுக்கு வரும், முடிவைத் தீர்மானிக்காது.

அரசியல்வாதிகள் தலையிடுவார்களா?

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கட்டாயம். 2003-ல் ஏ.சி.சி. கூட்டணி மயாமி, பாஸ்டன் காலேஜ், சிராக்யூஸ் மூன்றையும் எடுப்பதாக முடிவுகட்டி, ஊர் ஊராகப் போய் வளாகங்களைப் பார்த்துவிட்டும் வந்தது. ஒன்பது பேரில் ஏழு ஓட்டு வேண்டும். டியூக்கும் வட கரோலினாவும் வேண்டாம் என்றார்கள். மிச்சம் சரியாக ஏழு. அந்த ஏழில் ஒன்று வர்ஜீனியா பல்கலைக்கழகம். அந்த மாநில ஆளுநர் மார்க் வார்னரோ, நம் மாநிலத்து வர்ஜீனியா டெக்கை விட்டுவிட்டு நீங்கள் ஓட்டுப்போடக் கூடாது என்று நின்றார். ஆளுநர் என்றால் இங்கே தேர்தலில் ஜெயித்து வருபவர், நம் முதல்வர் இடத்தில் இருப்பவர்.

கடைசியில் அழைப்பு போனது மயாமிக்கும் வர்ஜீனியா டெக்குக்கும். இதில் வேடிக்கை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வர்ஜீனியா டெக் மற்ற சில பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஏ.சி.சி. மேலேயே வழக்குப் போட்டிருந்தது! வழக்கிலிருந்து விலகி, உறுப்பினராக உள்ளே போனார்கள். பாஸ்டன் காலேஜுக்கு அந்த அக்டோபரில் அழைப்பு வந்தது. சிராக்யூஸ் உள்ளே வர 2013 ஆனது.

செய்முறை எப்படி? விண்ணப்பம் போட வேண்டுமா?

விண்ணப்பம் கடைசியில் வரும் சம்பிரதாயம். அதற்கு முன்பே எல்லாம் பேசி முடிந்திருக்கும். கூட்டணிகள் வெளியே சொல்லும் வாசகம் எப்போதும் ஒன்றுதான்: நாங்கள் யாரையும் தேடிப் போகவில்லை, அவர்கள்தான் வந்தார்கள். இன்னொருவருடைய உறுப்பினரைக் கூப்பிட்டுக் கலைத்தால் வழக்கு வரும் என்பதால் இந்த ஜாக்கிரதை.

டெக்ஸாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போன 2021 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். 21-ம் தேதி ஹூஸ்டன் பத்திரிகை ஒன்று ரகசியத்தை உடைத்தது. 26-ம் தேதி, பிக் 12 உடனான ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று இருவரும் கடிதம் கொடுத்தார்கள். 27-ம் தேதி எஸ்.இ.சி.க்கு மனு. 29-ம் தேதி ஓட்டெடுப்பு, 14-0. பரம வைரியான டெக்ஸாஸ் ஏ&எம் கூட முதலில் குதித்துவிட்டு, ஓட்டில் கை தூக்கியது. ஒன்பதே நாளில் முடிந்த காரியம் போலத் தெரியும், நம்பாதீர்கள்.

நினைத்த நேரத்தில் கூட்டணியை விட்டு ஓடிவிட முடியுமா?

ஓடலாம், செலவாகும். ஏ.சி.சி.யின் நிறுவன உறுப்பினரான மேரிலாண்டு, பணமுடையில் 2012-ல் ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்தது. அதே ஆண்டு பிக் டென்னுக்குத் தாவ முடிவு செய்தது. வெளியேறும் கட்டணமாக ஏ.சி.சி. 5 கோடி டாலருக்கு மேல் கேட்க, வழக்காடி 3.14 கோடியில் முடித்தார்கள். ஒரு வருஷம் முன்னதாகக் கிளம்ப டெக்ஸாஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து விட்டுக்கொடுத்தது 10 கோடி டாலர்.

இதைவிடக் கடினமான பூட்டு, ஒளிபரப்பு உரிமையையே கூட்டணிக்கு எழுதிக் கொடுப்பது. நீங்கள் வெளியே போனாலும் உங்கள் வீட்டு மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தின் டிவி உரிமை பழைய கூட்டணியிடமே இருக்கும். மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம், பால் மட்டும் பழைய வீட்டுக்கு. ஏ.சி.சி. உறுப்பினர்கள் 2036 வரை அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் அதை எதிர்த்து நீதிமன்றம் போய், 2025 மார்ச்சில் சமரசமானார்கள். சமரசப்படி, அதிகம் பேர் பார்க்கும் அணிக்கு அதிகப் பங்கு. வெளியேறும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

நூறு வருஷத்துக் கூட்டணியான பேக்-12 எப்படி உடைந்தது?

1915-ல் பிறந்த மேற்குக் கரைக் கூட்டணி. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு தூண்களான யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலிஸ் இல்லாத மேற்குக் கரைக்கு டிவியில் என்ன விலை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடவே ஒரு வருஷம் போய்விட்டது. நடுவில் பிக் 12-ன் புதுக் கமிஷனர் பிரெட் யோர்மார்க், தன் ஒப்பந்தம் முடியக் காத்திருக்காமல், 2022 அக்டோபரிலேயே ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இருவரிடமும் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரி 3.17 கோடி டாலர் என்று பேசி முடித்துவிட்டார். சந்தையில் இருந்த காசு அங்கே போய்விட்டது.

2023 ஜூலை 27-ல் கொலராடோ பிக் 12-க்குக் கிளம்பியது. ஆகஸ்டு முதல் வாரம் பேக்-12 கமிஷனர் உறுப்பினர்கள் முன் வைத்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் திட்டம். உறுதியான தொகை குறைவு, சந்தாதாரர்கள் சேரச் சேர ஏறும். ‘சேர்ந்தால் பார்ப்போம்’ என்ற பணத்தை நம்பி எந்தப் பல்கலைக்கழகத் தலைவர் பட்ஜெட் போடுவார்? ஆகஸ்டு 4 வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போடக் கூடுவதாக ஏற்பாடு. அன்று பொழுது சாய்வதற்குள் வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. மிஞ்சியது ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி, ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

கவனியுங்கள், ஆரிகனும் வாஷிங்டனும் முழுப் பங்குக்குப் போகவில்லை. ஏறக்குறைய பாதிப் பங்குக்குச் சம்மதித்துப் போனார்கள். மேலே சொன்ன இலைக் கணக்குதான்.

பங்கே வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்று யாராவது போயிருக்கிறார்களா?

டல்லஸின் எஸ்.எம்.யூ. அவர்கள் கதையே தனி. ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக 1987-ல் என்.சி.ஏ.ஏ. அவர்களுடைய முழு ஃபுட்பால் சீசனையே ரத்து செய்தது. 1996-ல் பழைய டெக்ஸாஸ் கூட்டணி கலைந்தபோது பிக் 12 நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போக, விடுபட்டவர்களில் எஸ்.எம்.யூ.வும் ஒன்று. 2023-ல் ஏ.சி.சி.யிடம் போய், ஒன்பது வருஷத்துக்கு டிவி பணத்தில் காலணா வேண்டாம் என்றார்கள். எண்ணெய்ப் பணமும் ரியல் எஸ்டேட் பணமும் வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் பின்னால் நின்றார்கள். கூடவே ஏ.சி.சி.க்கு வந்த ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் ஏழு வருஷம் சுமார் 30 சதவீதப் பங்குக்கு ஒத்துக்கொண்டன.

அப்படியும் 15 பேரில் மூன்று பேர் எதிர்த்து, தேவையான 12 ஓட்டு சரியாக விழுந்தது. ஐ.பி.எல்.லில் லக்னோ அணியை 7,090 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தார்களே, அது ஏலம் என்று சொல்லியே நடந்தது. இது மறைமுகமான ஏலம். முதல் சீசனிலேயே எஸ்.எம்.யூ. ஏ.சி.சி. சாம்பியன்ஷிப் ஆட்டம் வரை போய், கிளெம்சனிடம் 34-31 என்று தோற்றது. காசு கொடுத்து வந்த விருந்தாளி பந்தியில் முதல் வரிசையில்.

இண்டியானாவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் மட்டும் ஃபுட்பாலில் ஏன் எதிலும் சேரவில்லை?

தேவையில்லை. 1991-லிருந்து என்.பி.சி. டிவி அவர்கள் வீட்டு ஆட்டங்களைத் தனியாக வாங்குகிறது. மற்ற பல விளையாட்டுகளுக்கு 2013 முதல் ஏ.சி.சி.யில் இருக்கிறார்கள், ஃபுட்பாலில் மட்டும் ஒற்றை ஆள். கோவிட் வந்த 2020-ல் ஒரே ஒரு சீசன் ஏ.சி.சி.க்குள் ஆடினார்கள், அவ்வளவே.

வாலிபால், நீச்சல் பிள்ளைகளின் கதி?

முடிவெல்லாம் ஃபுட்பாலுக்காக, அலைச்சல் எல்லோருக்கும். ஃபுட்பால் அணி சீசனில் நான்கைந்து தடவை தனி விமானத்தில் வெளியூர் போகும். வாலிபாலும் சாஃப்ட்பாலும் அப்படியல்ல. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ரட்கர்ஸ் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் தாண்டியும் மிச்சம் இருக்கும். மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. போன வருஷம் சிகாகோ விமான நிலையத்தில் ஒரு பெண்கள் அணியைப் பார்த்தேன். முழங்காலில் ஐஸ் பையைப் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் வேதியியல் வீட்டுப்பாடம். ராத்திரி பதினொன்று.

யூ.சி.எல்.ஏ. போனதில் அண்ணன் பெர்க்லிக்கு நஷ்டம் என்று, இரண்டையும் நிர்வகிக்கும் கலிஃபோர்னியா ஆட்சிக் குழு ஒரு தீர்ப்புச் சொன்னது: மூன்று வருஷத்துக்கு யூ.சி.எல்.ஏ. ஆண்டுக்கு 1 கோடி டாலர் பெர்க்லிக்குத் தர வேண்டும். ஜீவனாம்சம் என்ற பொருளில் ‘கேலிமனி’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

பெயருக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லையே?

இல்லை. பிக் டென்னில் 18, பிக் 12-ல் 16, அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் பசிபிக் கரைக்காரர்கள் இருவர். பென் ஸ்டேட் வந்து 11 ஆனபோது, பிக் டென்காரர்கள் பெயரை மாற்றாமல் லோகோவில் வேலை காட்டினார்கள். ‘டென்’ என்பதன் ஆங்கில முதலெழுத்தின் இருபுறமும் இருந்த வெற்றிடத்தை உற்றுப் பார்த்தால் 11 தெரியும். 12 ஆனதும் அந்த வித்தையையும் விட்டுவிட்டார்கள்.

பேக்-12-ல் கடைசியாக மிஞ்சிய இரண்டு பேர் என்ன ஆனார்கள்?

ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நேராக நீதிமன்றம் போனார்கள். கிளம்பிப் போகிறவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை, கூட்டணியும் அதன் கஜானாவும் எங்களுக்கே என்று வாதாடி, நிர்வாகத்தைக் கையில் வாங்கினார்கள். ஃபுட்பாலில் இரண்டே பேர் கொண்ட கூட்டணியாக இரண்டு சீசன் ஓட்டினார்கள். 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் நான்கையும் அழைத்தார்கள். அதே மாதம் யூட்டா ஸ்டேட்டையும். அக்டோபரில் கொன்ஸாகா. ஆனால் கொன்ஸாகாவில் ஃபுட்பால் அணியே கிடையாது, பாஸ்கெட்பாலுக்குப் பேர்போன கல்லூரி. ஆக ஃபுட்பாலுக்கு ஏழு பேர்தான், என்.சி.ஏ.ஏ. கேட்பது எட்டு. அந்த எட்டாவது நாற்காலிக்காக ஒன்பது மாதம் வலைவீசி, 2025 ஜூன் 30 அன்று டெக்ஸாஸ் ஸ்டேட்டைப் பிடித்தார்கள். புதுக் கூட்டணிக்கு 2026 ஜூலையில் பால் காய்ச்சுகிறார்கள். நீலப் புல்தரைக்காரர்களுக்கு ஓக்லஹோமாவை ஜெயித்துப் பத்தொன்பது வருஷம் கழித்து ஓர் இலை கிடைத்தது. பந்தியில் இருந்த பழைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர்தான் எழுந்து போய்விட்டார்கள்.